தையில் நிலைத்த வேகம் வைகாசியில் தடுமாறுவது ஏன்? செயலியை ஓவர்கிளாக் செய்த மேசைக் கணினியில் கோளாறு காணும் முறை

கொல்கத்தா: தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியா, ஜாதவ்பூர், பாலிகஞ்ச் பகுதிகளில் மாணவர்களும் காணொளித் தொகுப்பாளர்களும் விளையாட்டுப் பிரியர்களும் தாங்களே பாகங்களை வாங்கிப் பூட்டிய மேசைக் கணினிகளுக்குக் குறைவில்லை. நிறுவனம் நிர்ணயித்த வேகத்தைக் காட்டிலும் கூடுதலான வேகத்தில் செயலியை ஓடச் செய்யும் 'ஓவர்கிளாக்கிங்' முறை இத்தகைய பயனர்களிடையே நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்றாகும். குளிர்காலத்தில் செய்து பார்த்து, நன்றாகவே ஓடுகிறது என்று விட்டுவிட்ட அமைப்பு, சித்திரை பிறந்ததும் காரணமின்றி நின்றுபோவதும் நீலத்திரை காட்டுவதும் இவர்களில் பலருக்குப் பழகிய அனுபவம்.

காரணம் உண்டு என்பதே இக்கட்டுரையின் பொருள். அந்தக் காரணம் எப்போதும் ஓவர்கிளாக்கிங்காகவே இருப்பதில்லை என்பதும், அவசரத்தில் தவறான பாகத்தை மாற்றிப் பணத்தை இழப்போர் உண்டு என்பதும் இங்கே சேர்த்துக் கருதத்தக்கவை.

கொல்கத்தாவில் ஜனவரி மாதப் பகல் வெப்பநிலை சராசரியாக 25 அல்லது 26 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நின்றுவிடும். இரவில் 14 டிகிரி வரை இறங்கும். மே மாதத்தில் பகல் சராசரி 35 டிகிரியைத் தாண்டும். 2024 ஏப்ரல் 30ஆம் தேதி அலிப்பூர் வானிலை நிலையத்தில் 43 டிகிரி பதிவானது. ரவீந்திர சரோவர் ஏரியை அடுத்த டாக்குரியாவில் வெப்பத்துடன் ஈரப்பதமும் கூடிநிற்கிறது. காற்றினால் குளிர்விக்கப்படும் எந்தக் கணினியும் தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்க இயலாது. அறையின் வெப்பம் 13 டிகிரி கூடினால், அதே சுமையில் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ 13 டிகிரி கூடும். தை மாதத்தில் 82 டிகிரியில் நின்ற செயலி, வைகாசியில் 95 டிகிரியைத் தொடுவது இதனால்தான்.

வேகம் என்பது எவ்வாறு அமைகிறது

செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கற்பலன். ஒன்று அடிப்படைக் கடிகாரம்; இது இன்றைய கணினிகளில் பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். மற்றொன்று பெருக்கி. பெருக்கி 50 எனில் வேகம் 5 ஜிகாஹெர்ட்ஸ். இன்டெல் செயலிகளில் பெயரின் இறுதியில் 'கே' என்னும் எழுத்து உள்ளவற்றில் மட்டுமே பெருக்கி திறந்துவிடப்பட்டுள்ளது. அதற்கும் 'இசட்' வரிசை மதர்போர்டு வேண்டும். ஏஎம்டியின் ரைசன் மேசைச் செயலிகளில் பெரும்பாலானவை திறந்தவை. ஆயினும் 'ஏ' வரிசை மதர்போர்டுகள் செயலியை ஓவர்கிளாக் செய்ய இடம் தருவதில்லை. பாகம் வாங்கும் முன் இதைப் பாராமல், வாங்கிய பின் அமைப்பைத் தேடி அலைவோரும் உண்டு.

இக்கலையின் பொற்காலம் 1998இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ செயலியின் காலம் எனலாம். 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தில் 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட வேண்டிய அச்செயலி, கடிகாரத்தை 100 ஆக மாற்றினால் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. மலிவான செயலி, அன்றைய விலையுயர்ந்த செயலிக்கு இணையாக நின்றது. அதே காலத்தில், குறைந்த வேகச் செயலியின் மேல் அதிக வேக எண்ணைப் பொறித்து விற்ற மோசடியும் உலகச் சந்தைகளில் நடந்தது. நிறுவனங்கள் பெருக்கியைப் பூட்டத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று நிலைமை வேறு. செயலிகள் தாமாகவே வெப்பத்தையும் மின்சாரத்தையும் கணக்கிட்டு, இயன்ற அளவு வேகத்தை உயர்த்திக்கொள்கின்றன. நிறுவனமே தன் பொருளின் எல்லை வரை சென்றுவிட்ட நிலையில், பயனருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீத ஆதாயம்தான். அந்தச் சிறு ஆதாயத்துக்கு மின்சாரத்தில் செலுத்தும் விலையோ பெரிது. செயலி உண்ணும் மின்திறன் வேகத்தின் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடியின் விகிதத்திலும் உயரும். 4.5 ஜிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடும் செயலியை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்த 1.35 வோல்ட் தேவைப்பட்டால், வேகம் 11 சதவீதம் கூடும். மின்திறனோ சுமார் 40 சதவீதம் கூடிவிடும். அந்த 40 சதவீதமும் வெப்பமாகவே அறைக்குள் இறங்குகிறது. சிலிக்கானில் வெப்பம் ஏற ஏற மின்கசிவும் ஏறும். அக்கசிவு மேலும் வெப்பத்தைத் தரும். குளிர்காலத்தில் போதுமாயிருந்த மின்னழுத்தம் கோடையில் போதாமல் போவது இந்தச் சுழற்சியின் விளைவாகும்.

அறிகுறிகளைப் படித்தல்

கோளாறு எங்கே தோன்றுகிறது என்பதே முதல் தடயம். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்று திரை இருண்டே கிடந்தால், பெரும்பாலும் நினைவக அமைப்போ கடிகார அமைப்போ எல்லை மீறியிருக்கும். விண்டோஸ் தொடங்கும் நேரத்தில் நின்றால், மின்னழுத்தம் சற்றே குறைவு என்று ஐயுறலாம். அரைமணி நேரம் நன்றாக ஓடி, கடுஞ்சுமையின்போது நின்றால் வெப்பத்தையோ மின்வழங்கியையோ பார்க்க வேண்டும். வேகம் திடீரென்று சரிந்து, பின் மீண்டால், அது பழுதல்ல, தற்காப்பு. இன்டெல்லின் 13 மற்றும் 14ஆம் தலைமுறைச் செயலிகள் 100 டிகிரியிலும், ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 டிகிரியிலும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நீலத்திரையில் வரும் சொற்களும் உதவும். 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்றால் செயலியின் ஒரு கரு உரிய நேரத்தில் பதிலளிக்கவில்லை என்று பொருள். 'டபிள்யூஹெச்இஏ அன்கரெக்டபிள் எரர்' என்றால் வன்பொருளே திருத்த முடியாத பிழையைத் தெரிவித்திருக்கிறது. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்பது நினைவகத்தைச் சுட்டுவதுபோல் தோன்றினாலும், செயலியின் பிழையும் அவ்வாறே வெளிப்படக்கூடும். இச்சொற்களைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் சாட்சியாகக் கொள்வதே முறை.

திரையில் எதுவும் தோன்றாத நிலையே அதிகக் கவலைக்குரியது. விண்டோஸின் ஈவென்ட் வியூவர் பதிவேட்டில் 'டபிள்யூஹெச்இஏ-லாகர்' என்ற பெயரில் 19ஆம் எண் குறிப்புகள் அடிக்கடி காணப்பட்டால், செயலி பிழை செய்து, தானே திருத்திக்கொண்டு வருகிறது என்று அறியலாம். திருத்த இயலாத பிழை அடுத்து வரக்கூடும். அதே பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்னும் குறிப்பைக் கண்டு அஞ்சுவோர் பலர். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அக்குறிப்பு எதையும் சொல்வதில்லை. வீட்டில் மின்சாரம் போனாலும் அதுவே பதிவாகும்.

நிலையற்ற செயலி நின்றுபோனால் பயனருக்கு அரைமணி நேரம் நட்டம். நிற்காமல் தவறாகக் கணக்கிட்டுக்கொண்டே ஓடினால், அதன் வழியே சுருக்கிச் சேமிக்கப்பட்ட கோப்புகள் சத்தமின்றிச் சிதையும். ஆய்வேட்டின் தரவுகளோ, ஒரு குடும்பத்தின் திருமணக் காணொளியோ மாதங்கள் கழித்துத் திறக்க மறுக்கும்போதுதான் அது தெரியவரும். ஆகவே கோளாறு ஐயம் எழுந்த அன்றே, அந்தக் கணினியில் மட்டும் உள்ள கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துவிட வேண்டும். அதுவும் ஓவர்கிளாக்கை நீக்கிய பின்னரே செய்ய வேண்டும். பிழை செய்யும் கணினியில் எடுக்கும் நகலும் பிழையாகலாம்.

பழைய நிலைக்குத் திரும்புதல்

கணினி தொடங்கவே மறுத்தால், மதர்போர்டின் நினைவில் உள்ள அமைப்பை அழிக்க வேண்டும். இக்காலத்து மதர்போர்டுகள் சில, இரண்டு மூன்று முறை தொடக்கம் தோற்றதும் தாமாகவே பாதுகாப்பான அமைப்புக்குத் திரும்பிவிடும். திரும்பாவிடில், கணினியை அணைத்து, மின்கம்பியை உருவி, தொடக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வடித்துவிட வேண்டும். பின்னர் 'கிளியர் சிமாஸ்' என்று குறிக்கப்பட்ட இரு ஊசிகளைத் திருப்புளியின் முனையால் சுமார் பத்து நொடிகள் இணைத்தால் போதும். ஊசிகளைக் கண்டுபிடிக்க இயலாதோர், நாணய வடிவிலான சிஆர்2032 மின்கலத்தைக் கழற்றி, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் பொருத்தலாம். ஐந்தாறு ஆண்டு பழைய கணினியில் அம்மின்கலமே வலுவிழந்து, ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அமைப்புகள் அழிவதும் உண்டு. சில பத்து ரூபாய்ச் செலவில் தீரும் கோளாறு அது.

இதற்கு முன் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் வட்டு 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பு மாறும்போது 48 இலக்க மீட்பு எண்ணை அது கேட்கக்கூடும். அவ்வெண்ணை முன்கூட்டியே தாளில் எழுதி வைக்காதவர், கோளாறைச் சரிசெய்யப் போய்த் தம் கோப்புகளையே இழக்க நேரிடும்.

அடுத்து, எந்த மாற்றமும் செய்யாமல், இயல்பு அமைப்பிலேயே கணினியை ஓரிரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பொறுமை அற்றோர் தாண்டிச் செல்லும் படி இது; ஆனால் முழுச் சோதனையும் இதன்மீதே நிற்கிறது. இயல்பு அமைப்பில் கோளாறு மறைந்தால் குற்றம் ஓவர்கிளாக்கினுடையது. மறையாவிடில் குற்றவாளி வேறு.

இயல்பு அமைப்பே குற்றவாளியானபோது

இயல்பு அமைப்பு என்பது பாதுகாப்பான அமைப்பு என்று நம்புவதும் எப்போதும் சரியல்ல என்பதை 2024ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. இன்டெல் 2022 அக்டோபரில் வெளியிட்ட 13ஆம் தலைமுறை, ஓராண்டுக்குப் பின் வெளியிட்ட 14ஆம் தலைமுறை ஆகியவற்றின் உயர்நிலை மேசைச் செயலிகள், எவ்வித ஓவர்கிளாக்கும் செய்யப்படாத கணினிகளிலேயே தடுமாறத் தொடங்கின. விளையாட்டுகள் தொடக்கத்திலேயே நின்றன. திரையில் தோன்றிய செய்தியோ 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று கிராஃபிக்ஸ் அட்டையைக் குறைகூறியது. கோப்புகளைச் சுருக்கம் நீக்கும்போது செயலி செய்த பிழையே அவ்வாறு உருமாறித் தோன்றியது என்பது பின்னரே தெளிவாயிற்று. குற்றமற்ற கிராஃபிக்ஸ் அட்டையைச் சந்தேகித்தவர்களைக் குறைசொல்ல இயலாது; கணினியே அவர்களிடம் அப்படித்தான் சொன்னது.

ஆராய்ச்சியின் முடிவில் இன்டெல் நான்கு காரணங்களைத் தெரிவித்தது. முதலாவது, மதர்போர்டு நிறுவனங்கள் இயல்பு அமைப்பிலேயே மின்வரம்புகளைத் தளர்த்தியிருந்தமை. 253 வாட் என்று இன்டெல் வரையறுத்த இடத்தில் சில மதர்போர்டுகள் 4,095 வாட் என்று எழுதி வைத்திருந்தன; வரம்பே இல்லை என்பதைச் சொல்லும் மற்றொரு வழி அது. இரண்டாவது, அதிக வெப்பத்திலும் செயலியை உச்ச வேகத்தில் ஓடவிட்ட நுண்நிரல் பிழை. மூன்றாவது, செயலி அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்கச் செய்த கணக்கு. நான்காவது, கணினி சும்மா இருக்கும்போதும் இலேசான வேலையின்போதும் மின்னழுத்தம் உயர்ந்து நின்றமை. இவற்றால் செயலியின் கருக்களில் கடிகாரத் துடிப்பைப் பகிரும் சுற்று காலப்போக்கில் நலிவுற்று, முன்பு போதுமாயிருந்த மின்னழுத்தம் போதாமற் போயிற்று என்பது நிறுவனத்தின் விளக்கம்.

திருத்தங்கள் பயாஸ் புதுப்பிப்பாக அடுத்தடுத்து வந்தன. 2024 ஜூனில் 0எக்ஸ்125, ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற நுண்நிரல்கள் வெளியாயின. இவற்றுள் ஆகஸ்ட் திருத்தம், 1.55 வோல்ட்டுக்கு மேல் செயலி கேட்பதைத் தடுத்தது. பாதிக்கப்பட்ட பெட்டிச் செயலிகளுக்கான உத்தரவாதத்தை இன்டெல் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. மூன்றாண்டு என்பது ஐந்தாண்டாயிற்று. மடிக்கணினிச் செயலிகள் இச்சிக்கலுக்கு உள்ளாகவில்லை என்றும் அந்நிறுவனம் கூறியது.

இத்திருத்தங்கள் நலிவைத் தடுக்குமேயன்றி, ஏற்கெனவே நலிந்த செயலியைக் குணமாக்கா. 13 அல்லது 14ஆம் தலைமுறை உயர்நிலைச் செயலி வைத்திருப்போர், முதலில் பயாஸைப் புதுப்பித்து, 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' என்ற அமைப்பைத் தெரிவுசெய்து சோதிக்க வேண்டும். அதன் பின்னரும் தடுமாறினால், மின்னழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்க முயலாமல், உத்தரவாதத்தின்கீழ் மாற்றித்தரக் கோருவதே நலம். மின்னழுத்தத்தைக் கூட்டினால் சில மாதங்கள் ஓடும். நலிவும் உடன் வளரும். உத்தரவாதக் காலமும் கரையும். விலைச்சீட்டைத் தேடி எடுத்து வைப்பது இவ்விடத்தில் எந்தச் சோதனை மென்பொருளையும்விடப் பயன்தரும்.

பயாஸைப் புதுப்பிக்கும் முன் ஓவர்கிளாக் அமைப்பை நீக்கியாக வேண்டும். பாதிவழியில் கணினி நின்றால் மதர்போர்டே செயலற்றுப்போகும். காலபைசாகிப் புயல் மேலெழும் மாலை நேரத்தில் அப்பணியைத் தொடங்காதிருப்பது நலம் என்பதை கொல்கத்தாவாசிகளுக்குத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நினைவகமும் ஓர் ஓவர்கிளாக்கே

செயலியின் அமைப்பில் கைவைக்கவே இல்லை என்று கூறும் பயனர்களிலும் பலர், வாங்கிய நாளிலேயே 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' என்ற அமைப்பை இயக்கியிருப்பர். பெட்டியின்மேல் அச்சிட்ட வேகத்தை நினைவகம் எட்டுவதற்கு அது தேவை. எனினும் அதுவும் முறைப்படி ஓவர்கிளாக்கே. செயலிக்குள் உள்ள நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்றை அது வருத்தும். செயலி ஓவர்கிளாக்கில் கோளாறு என்று எண்ணி வாரக்கணக்கில் மின்னழுத்தத்தைத் திருகியவர், இறுதியில் நினைவக வேகத்தை ஒரு படி குறைத்ததும் எல்லாம் அடங்கியதைக் காண்பதுண்டு. நான்கு நினைவகத் தகடுகளை நிரப்பியோருக்கு இந்த ஐயம் முதலாவதாக எழ வேண்டும்.

ஆதலால் செயலியை இயல்பு நிலையில் வைத்து, நினைவக அமைப்பை மட்டும் இயக்கி, மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தேர்ச்சியல்ல.

2023ஆம் ஆண்டின் ஒரு நிகழ்வும் இங்கே பொருந்தும். ஏஎம்டியின் ரைசன் 7000எக்ஸ்3டி செயலிகள் சில கருகிப்போனதாக அவ்வாண்டு ஏப்ரலில் செய்திகள் வந்தன. எக்ஸ்போ அமைப்பை இயக்கும்போது மதர்போர்டுகள் செயலியின் 'எஸ்ஓசி' பகுதிக்கு மிகுந்த மின்னழுத்தம் தந்தமை கண்டறியப்பட்டு, 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பு பயாஸ் புதுப்பிப்பு வழியே விதிக்கப்பட்டது. அக்காலத்து மதர்போர்டைப் பழைய பயாஸுடன் இன்றும் பயன்படுத்துவோர், அதைப் புதுப்பிக்காமல் எக்ஸ்போவை இயக்கக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

நினைவகம் தேறிய பின் செயலிக்கு வரலாம். பெருக்கியை ஒரு படி உயர்த்திச் சோதித்து, தேறினால் மறுபடி உயர்த்த வேண்டும். தடுமாறினால் மின்னழுத்தத்தை 0.01 அல்லது 0.02 வோல்ட் அளவில் கூட்ட வேண்டும். இரண்டையும் ஒருசேர மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று அறிய வழியில்லை. தேதி, அறை வெப்பம், பெருக்கி, மின்னழுத்தம், செயலியின் உச்ச வெப்பம் ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது பழைய முறையாகத் தோன்றலாம். ஆறு மாதம் கழித்துக் கோடையில் அந்த நோட்டே மருத்துவரின் குறிப்பேடு போல உதவும்.

சினிபெஞ்ச் போன்ற மென்பொருள் பத்து நிமிடம் ஓடியதைக் கொண்டு நிலைத்தது என்று முடிவு செய்வது பிழை. பகா எண்களைத் தேடுவதற்காக 1990களில் எழுதப்பட்ட பிரைம்95, விடை முன்பே தெரிந்த கணக்குகளைத் தந்து செயலியின் விடையுடன் ஒப்பிடுகிறது. ஒரு கருவில் பிழை வந்தால் அக்கருவைச் சுட்டிக்காட்டி நிறுத்திவிடும். இம்மென்பொருள் தரும் சுமை அன்றாட வேலையில் காணாத அளவு கடுமையானது. ஆகவே வெப்பமானியைக் காட்டும் மென்பொருளை அருகில் திறந்து வைத்து, வெப்பம் 95 டிகிரியை நெருங்கும்போதே நிறுத்த வேண்டும்.

மின்னழுத்தம் பற்றி ஒரு நுட்பம். பயாஸில் 1.35 என்று எழுதினால், கடுஞ்சுமையின்போது செயலிக்குச் சேர்வது 1.28 ஆக இருக்கலாம். மின்னோட்டம் பெருகும்போது நிகழும் இந்த இறக்கம் குறையல்ல, வடிவமைப்பே அப்படி. 'லோடுலைன் கேலிபரேஷன்' என்ற அமைப்பு அவ்விறக்கத்தைக் குறைக்கும். ஆனால் அதை உச்சத்தில் வைத்தால், சுமை சட்டென நீங்கும் கணத்தில் மின்னழுத்தம் எழுதியதைவிட மேலே துள்ளும். நடுத்தர நிலையில் வைத்து, மின்னழுத்தத்தைச் சிறிது கூட்டுவதே பாதுகாப்பானது. மதர்போர்டு தானே தேர்ந்துகொள்ளும் 'ஆட்டோ' மின்னழுத்தத்தை ஓவர்கிளாக்கின்போது நம்பலாகாது. தடுமாறாமல் இருப்பதற்காகத் தேவைக்கு மிஞ்சியே அது வழங்கும்.

ரைசன் பயனர்கள் சந்திக்கும் கோளாறு வேறு வகையைச் சேர்ந்தது. 'கர்வ் ஆப்டிமைசர்' வழியே மின்னழுத்தத்தைக் குறைத்து வெப்பத்தையும் குறைப்பது அங்கே வழக்கம். ஒவ்வொரு எண்ணும் 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை குறைக்கும். இவ்வாறு அளவுக்கு மிஞ்சிக் குறைத்த கணினி, மணிக்கணக்கில் கடுஞ்சோதனையைத் தாங்கிவிட்டு, இரவில் சும்மா இருக்கும்போது தானே மறுதொடக்கம் ஆகும். சுமை இலேசாக இருக்கையில் ஒரே கரு மிக உயர்ந்த வேகத்துக்குத் தாவுவதும், அத்தாவலுக்குரிய மின்னழுத்தம் இல்லாமையும் இதன் காரணம். கருவுக்குக் கரு தாங்கும் அளவு வேறுபடும் என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைத் தராமல், பலவீனமான கருவுக்குக் குறைவாகத் தருவதே தீர்வு.

யுபிஎஸ், தூசி, ஈரம்

இந்திய வீடுகளில் ஓவர்கிளாக்கின்மேல் பழி விழும் மற்றொரு கோளாறு யுபிஎஸ்ஸினுடையது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரையே தாங்கும். ஓவர்கிளாக் செய்த செயலி 250 வாட், கிராஃபிக்ஸ் அட்டை 200 வாட் என்று உண்ணும் கணினி, மின்சாரம் இருக்கும் வரை இயங்கும். ஒரு நொடி மின்தடையில் யுபிஎஸ் மின்கலத்துக்கு மாறியதும் சுமை தாங்காது அணைந்துவிடும். காணொளி பார்க்கும்போது அணையாமல், விளையாடும்போது மட்டும் அணைந்தால் இதை ஐயுறலாம். செயலியில் தேட வேண்டியதில்லை. மலிவான மின்வழங்கிப் பெட்டியும், சுவரில் முறையான நிலத்தொடுப்பு இன்மையும் இதே வகை மாயக் கோளாறுகளைத் தரும்.

ஈரப்பதம் குறித்து ஓர் அச்சம் பரவலாக உண்டு. ஏசி அறையில் வைத்தால் கணினிக்குள் நீர் கோத்துவிடும் என்பர். ஓடும் கணினியின் பாகங்கள் அறைக் காற்றைவிட வெப்பமாகவே இருப்பதால், காற்று அல்லது மூடிய நீர்க்குளிர்விப்பில் அது நிகழாது. அறையைவிடக் குளிர்விக்கும் கருவிகளைப் பயன்படுத்துவோருக்கே அந்த ஆபத்து. செயலிகளை 9 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுசென்ற சாதனையாளர்கள் திரவ ஹீலியத்தைப் பயன்படுத்தினர். மதர்போர்டை நீர்புகாமல் மூடிக் காப்பது அவர்களின் முன்னேற்பாடுகளுள் ஒன்று. சாமானியப் பயனருக்கு ஈரத்தால் வரும் தீங்கு வேறு: ஈரக் காற்றில் தூசி, குளிர்விப்பியின் தகடுகளுக்கிடையே கம்பளம்போல் ஒட்டிக்கொள்ளும். கோடைக்கு முன் ஒருமுறை தூசி நீக்குவதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதும், மின்னழுத்தத்தில் செய்யும் எந்தத் திருத்தத்தையும்விட அதிகப் பயன் தரக்கூடும். நீர்க்குளிர்விப்பி உள்ளோர், பம்ப் ஓடுகிறதா என்பதை அதன் சுழற்சி எண்ணில் பார்க்க வேண்டும். பம்ப் நின்றால், வேலை தொடங்கிய சில நொடிகளிலேயே வெப்பம் உச்சத்தைத் தொடும்.

சாந்தினி சௌக் போன்ற சந்தைகளில் பழைய செயலி வாங்குவோருக்கும் இது பொருந்தும். முன்னாள் உரிமையாளர் அதை எந்த மின்னழுத்தத்தில் எத்தனை ஆண்டு ஓட்டினார் என்பது செயலியின் மேல் எழுதப்பட்டிருப்பதில்லை. ஓவர்கிளாக்கால் விளைந்த சேதத்துக்கு இன்டெல், ஏஎம்டி இரண்டின் உத்தரவாதமும் பொறுப்பேற்பதில்லை. பணம் தருமுன் இயல்பு அமைப்பில் ஒரு மணி நேரமாவது சோதிக்க விற்பவர் இசைகிறாரா என்று கேட்பது தவறாகாது.

டாக்குரியாவை அடுத்த ரயில் நிலையமான ஜாதவ்பூரில் உள்ள பல்கலைக்கழகமும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய 'இசிஜு-1' என்ற டிரான்சிஸ்டர் கணினி 1966இல் செயல்பாட்டுக்கு வந்தது. இன்று அதே வட்டாரத்து மாணவர் ஒருவரின் மேசையில், கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் கொண்ட செயலி அதே கொல்கத்தாக் கோடையைச் சந்திக்கிறது.

ஓவர்கிளாக்கை முற்றிலும் கைவிட மனமில்லாதோருக்கு ஒரு வழி உண்டு. பெரும்பாலான மதர்போர்டுகள் பல அமைப்புத் தொகுப்புகளைத் தனித்தனிப் பெயரில் சேமிக்க இடம் தருகின்றன. ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகலில், மின்விசிறி மட்டுமே ஓடும் அறையில், இரண்டு மணி நேரம் சோதித்து நிலைத்த அமைப்பை ஒன்றாகவும், ஜனவரிக்குரியதை மற்றொன்றாகவும் சேமித்து வைக்கலாம். பங்குனி முடியும்போது முதலாவதற்கு மாறி, ஐப்பசி மழை ஓய்ந்தபின் இரண்டாவதற்குத் திரும்பினால் போதும். இரண்டுக்கும் இடையே வேக வேறுபாடு 200 மெகாஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கும். கணிகையைக் கொண்டு அளந்தாலன்றி அதைக் கண்ணால் உணர இயலாது.